ஒன்பது கிலோமீட்டர் திருடன்

இந்த ஒரு காரியத்தையாவது பெண்டாட்டி காதுக்கு எட்டாமல் செய்து முடிப்பது என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்தார். எடுத்த இடம் பதினாலாவது மாடிக்கும் மேலே, லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை. சபதம் எடுக்க உயரமான இடம்தான் நல்லது. சாட்சிக்கு ஆள் இருக்காது.

எடுத்த நேரம் மத்தியானம். மடியில் சாப்பாட்டு டப்பா. டப்பாவைச் சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் ஒரு வேன் படம். வேனுக்குள் கட்டில். கட்டிலின் தலைமாட்டில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கடல்.

ஒரு மாதமாகவே இப்படித்தான். முதலில் வெறும் கடல் படமாக வந்துகொண்டிருந்தது. அப்புறம் கடலோரத்தில் வேன். இப்போது வேனுக்குள்ளேயே குடித்தனம். நேற்று அடுப்பு வைத்த வேன், இன்றைக்குக் கட்டில் போட்ட வேன். உலகமே வீட்டைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது. தான் ஒருவர் மட்டும் பின்தங்கிவிட்ட மாதிரியும் இருந்தது.

பின்தங்கியவர்தான். பதினொரு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறார். மேலே போவார், கீழே வருவார். பிழைப்பு ஏறியது, இறங்கியது. முன்னால் ஒரு அடி போனதில்லை.

ஆனால் கடல் ஆசை மட்டும் காரணம் இல்லை. வீட்டில் ஒரு முதலாளியம்மா இருந்தாள். வயது ஒன்பது மாதம். அவளுக்குத் தொட்டில் பிடிக்காது, மடி பிடிக்காது, பாட்டு பிடிக்காது. அப்பா பாட்டு அறவே பிடிக்காது. வாஷிங் மிஷின் துணி பிழியும்போது கடகடவென்று ஆடுமே, அந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் மட்டும் தூங்குவாள். மிஷின் நின்றால் கண் திறந்துவிடும். அதனால் துவைத்த துணியையே மறுபடி துவைத்தார்கள். அவருடைய நீலச் சட்டை வெள்ளையாகிவிட்டது. வெள்ளைச் சட்டை கண்ணாடியாகிவிட்டது.

அவர் மனைவி நன்றாகத் தூங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. போன வாரம் மிஷினில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு, டீயில் சோப்புத்தூளைப் போட்டாள். அவர் குடித்தும்விட்டார். பேசினால் வாயிலிருந்து சோப்பு நுரை முட்டை முட்டையாக வந்தது. அவள் சிரிக்கக்கூட இல்லை. நின்றபடியே கண்ணை மூடியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவளை ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, கடல் பக்கத்தில் கால் நீட்டித் தூங்க வைக்க வேண்டும்.

சரி, அதை அவளிடம் சொல்லிவிட்டே செய்யலாமே? செய்யலாம். ஆனால் அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினவள். குழந்தை உண்டாகி ஏழு மாதம் ஆகும்வரை ஓட்டினாள். காலை ஏழே முக்கால் மணிக்கு அவள் வேன் வரும் நிறுத்தத்தில் இவர் இரண்டு வருஷம் நின்று நின்றுதான் இந்தக் கல்யாணமே நடந்தது. வண்டி விஷயத்தில் அவள் கேட்கும் முதல் கேள்விக்கே இவருக்குப் பதில் தெரியாது. மீன்கிட்டே போய் நீச்சல் சொல்லித்தருகிறேன் என்றால் எப்படி? அதனால்தான் சபதம்.

அன்று மாலையே இரண்டு தெரு தள்ளியிருந்த வண்டி ஷெட்டுக்குப் போனார். ஷெட்டுக்காரருக்குப் புகை ஜோசியர் என்று பேர். வண்டியின் சைலன்சர் விடும் புகையைப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்.

"ஆள் ஏறுற வேன் ஒண்ணு வேணும். பழசானாலும் பரவாயில்ல. உள்ள கட்டில் போடணும்."

"வாங்க வாங்க. இன்னும் காணோமேன்னு பார்த்தேன்" என்றார் ஜோசியர்.

"யாரை?"

"பொதுவா... வாடிக்கையாளரை." ஜோசியர் அவசரமாகத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, ஷெட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். "இது வண்டியில்லைங்க. டீசல் யானை."

சாம்பல் நிறத்தில் நின்றது. புதுப் பெயின்ட். கதவு ரப்பரைத் தள்ளிப் பார்த்தால் அடியில் மஞ்சளாக ஒரு கோடு.

"முன்னாடி மஞ்சளா இருந்துதோ?"

"இருந்திருக்கும். எல்லாருக்கும் ஒரு முன் ஜென்மம் இருக்குமில்ல?"

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"மூணு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர்."

"அம்மாடி! நிலாவுக்கே போயிருக்கலாமே!"

"போய் இறங்கி, ஒரு டீயும் குடிச்சிருக்கலாம். டீசல் இஞ்சினுக்கு அது பாதி வழிங்க. திரும்பி வர வேண்டாமா? பாதி தூரத்துக்கு மேல ஒரே கை ஓட்டினது. பக்குவமான கை. க்ளட்சை மிதிச்சதே இல்ல, தடவிக் குடுத்திருக்கு."

"யாரு அந்த ஆளு?"

ஜோசியருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே ஏறி சாவியைத் திருப்பினார். சைலன்சர் ஒரு கறுப்புப் புகை விட்டது. அப்புறம் புகையே இல்லை.

"பார்த்தீங்களா? நீலமா வந்தா எண்ணெய் குடிக்குதுன்னு அர்த்தம். வெள்ளையா நிக்காம வந்தா உள்ளுக்குள்ள அழுவுதுன்னு அர்த்தம். இது ஒரே ஒரு கொட்டாவி. தூங்கி எழுந்திருக்கு, அவ்வளவுதான்."

வண்டி முழுக்க அதிர்ந்தது. கதவு அதிர்ந்தது, சீட்டு அதிர்ந்தது, லிஃப்ட்காரரின் பல்லும் அதிர்ந்தது. இது நம்ம வாஷிங் மிஷின் ஆட்டம் ஆயிற்றே என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது. பேரம் பேசும் மும்முரத்தில் அதை மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு ஓவர்டைம் ஆரம்பமானது. அதாவது வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ஷெட்டில் மரம் அறுத்தார். பின்சீட்டுகளைக் கழற்றினார். நடுவில் ஒரு சீட்டை மட்டும் குழந்தைக்காக விட்டுவைத்தார். லிஃப்ட்டுக்குள் ஒட்டிய பலகையில் மீந்ததெல்லாம் வேனுக்குள் சுவராயிற்று. வீட்டிலிருந்து ஒரு தலையணை காணாமல் போனது. ஒரு போர்வை போனது. மடக்கு நாற்காலி போனது. திருட்டுக் கொடுத்த வீட்டில் இவ்வளவு நிம்மதியாக ஒரு பெண் இருப்பாளா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கட்டிலுக்கு அளவு வேண்டியிருந்தது. அதில்தான் சிக்கல்.

"ஏம்மா, கொஞ்சம் நேராப் படேன்."

"எதுக்கு?"

"சும்மா. உன் உயரம் என்னன்னு பார்க்கலாமேன்னு."

"உயரம் நிக்கவச்சுப் பார்ப்பாங்க. படுக்கவச்சு அளவெடுக்கறவன் சவப்பெட்டி செய்றவன்."

"சீச்சீ, என்ன பேச்சு! ஆபீஸ்ல இன்சூரன்ஸுக்குக் கேட்கறாங்க."

"இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டு அவள் படுத்தாள். அவர் டேப்பை நீட்டினார். பக்கத்தில் முதலாளியம்மா, வீட்டுச் சாவிக்கொத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அதில் நீல டேப் சுற்றிய சாவி ஒன்று இருந்தது. வீட்டில் எந்தப் பூட்டுக்கும் அது சேராது.

"இது எதோட சாவி? தூக்கிப் போடக் கூடாதா?"

"இருக்கட்டும். பூட்டு ஒருநாள் தானே வரும்" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. அவள் தலையிலிருந்து ஆரம்பித்துப் பாதத்துக்கு அவர் டேப்பைக் கொண்டு போவதற்குள் அவள் தூங்கியே போயிருந்தாள். அவர் மூச்சுவிடாமல் அளவைக் கையில் எழுதிக்கொண்டார்.

கட்டில் அமைந்தது. திரை வந்தது. அப்புறம்தான் அந்த மர்மம்.

மீட்டரில் இருந்த கிலோமீட்டர் அவருக்கு மனப்பாடம். பெருமையாயிற்றே, தினமும் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் ஒன்பது கிலோமீட்டர் கூடியிருந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் ஒன்பது. புதனும் ஒன்பது. நின்ற வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆனால் ஓடியிருக்கிறது. டிரைவர் சீட்டு முன்னால் தள்ளியிருந்தது. கண்ணாடி கீழே சாய்ந்திருந்தது. உள்ளே குழந்தை பவுடர் வாசனை. டீசல் முள்ளைப் பார்த்தார். அது இறங்கவில்லை, ஏறியிருந்தது.

"ஜோசியரே! என் வண்டியை யார் ஓட்டறது?"

"வண்டியா? ஓட்டறதா?"

"சீட்டு முன்னாடி போயிருக்கு. ஆள் குள்ளம். பவுடர் போடற ஆள். சொல்லிடுங்க."

புகை ஜோசியர் ஆறடி. பவுடருக்கும் அவருக்கும் ஜென்மத்துக்கும் சம்பந்தமில்லை. "புகையைக் கேளுங்க, சொல்றேன். ஆளைக் கேட்காதீங்க" என்று வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மெதுவாகப் பேச்சைப் போட்டார்.

"எங்க வேலையில ஒருத்தர். அவரோட வண்டியை யாரோ திருட்டுத்தனமா ஓட்டறாங்களாம்."

"தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல. ஒன்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு இருந்த இடத்துலயே வச்சிடறாங்க."

"டீசலைத் தீர்த்துட்டா?"

"டீசலும் போட்டு வைக்கறாங்க. கண்ணாடியெல்லாம் துடைச்சு வைக்கறாங்க."

"நல்ல திருடனா இருக்கானே. நம்ம வீட்டுக்கும் அனுப்பச் சொல்லுங்களேன், ஜன்னல் துடைக்கணும்."

"விளையாடாதே. அவருக்கு மானப் பிரச்சினை."

அவள் துணி மடித்துக்கொண்டே யோசித்தாள். "அப்ப ஒண்ணு செய்யச் சொல்லுங்க. வண்டிக்குள்ளயே ஒளிஞ்சிருந்து கையும் களவுமாப் பிடிக்கச் சொல்லுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு. எல்லாரும் அசந்து போற நேரம். திருடன் அப்பதான் வருவான்."

இவள் மட்டும் போலீசில் சேர்ந்திருந்தால் என்னவாகியிருப்பாள் என்று அவர் வியந்துபோனார்.

மறுநாள் அரை நாள் லீவு. ஒன்றரை மணிக்கே வேனுக்குள் ஏறி, பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, திரையை மூடி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்தார். கையில் ஒரு ஸ்பேனர். வாயில் தயாராக ஒரு வாக்கியம்: "அசையாதே!" கட்டிலில் அவர் படுப்பது அதுதான் முதல் தடவை. ஒரு சாண் குறைவாக இருந்தது. தலையை மூடினால் கால் வெளியே நின்றது, காலை மூடினால் தலை. திருடன் தலையைத்தானே பார்ப்பான் என்று தலையை மூடினார்.

சரியாக இரண்டு மணி. செருப்புச் சத்தம். பூட்டில் சாவி திரும்பியது. கதவு சர்ரென்று நகர்ந்தது. ஸ்பேனரை இறுக்கினார்.

"ஏறுங்க முதலாளியம்மா, ஏறுங்க. பெல்ட் போடணும்."

ஸ்பேனர் தானாகவே தாழ்ந்தது.

டக், டக் என்று குழந்தை சீட்டில் பெல்ட் விழும் சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவள் இருமுவது போல ஒரு ஒலி. இருமலா, விக்கலா, தெரியவில்லை. சளி பிடித்திருக்கிறது போல, பாவம், என்று நினைத்தார் போர்வைக்குள்.

அவர் ஸ்டார்ட் செய்தால் நாலு முறை கெஞ்சி ஐந்தாவது முறைதான் எடுக்கும் வண்டி, அவள் கைக்கு ஒரே தட்டில் எடுத்தது. ஷெட்டிலிருந்து வெண்ணெயில் கத்தி போல வெளியே வந்தது. பின்னால் மரம், சுவர், இரண்டு சைக்கிள் எல்லாம் இருந்தன. எதையும் அது தொடவில்லை. க்ளட்சை மிதிக்கவே இல்லை. தடவிக் கொடுத்தாள்.

"ஒரு ரகசியம் சொல்றேன் கேளு" என்றாள் குழந்தையிடம். குரல் கொஞ்சம் உரக்கவே இருந்தது. "உங்கப்பா வேன் வாங்கியிருக்காரு. நமக்குத் தெரியாதாம். நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

"ப்பூ" என்றாள் முதலாளியம்மா.

"பள்ளிக்கூடத்துல இந்த வேனை வித்துட்டாங்கன்னு கேட்டதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. நீ வயித்துல இருந்தப்பகூட இதைத்தானே ஓட்டினேன். ஏழு மாசம் வரைக்கும். இந்த ஆட்டத்துலதான் நீ தூங்குவே. அப்ப உதைக்கவே மாட்டே. வண்டி நின்னா உதைப்பே. இன்னொரு சாவியைத் திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்னு சொல்லிக்கிட்டேன். மறக்கவெல்லாம் இல்ல."

கியர் மாறியது. மாறியது போலவே இல்லை.

"ஷெட்டுக்கு வந்திருக்குன்னு அந்தப் புகைக்காரர் எனக்குத்தான் முதல்ல சொன்னாரு. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, எங்க வீட்டுக்காரர் வருவாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவரு எப்படி வருவாரு? வாங்கலாமான்னு நேரா கேட்டா, யோசிக்கலாம்னு சொல்லுவாரு. உங்கப்பா யோசிக்க ஆரம்பிச்சா, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன மாதிரிதான். உள்ள இருக்கறவங்க கத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

போர்வை லேசாக அசைந்தது.

"அதனால பழைய புத்தகக் கடையில வேன் பத்திரிகையாப் பொறுக்கி வாங்கினேன். தினமும் ஒரு தாள், சாப்பாட்டு டப்பாவுல. எடுத்த எடுப்புல வேனைக் காட்டினா மிரண்டுடுவாரு. முதல்ல வெறும் கடல். அடுத்த வாரம் கடலோரத்துல வேன். அப்புறம் அடுப்பு. கடைசியாக் கட்டில். கட்டில் படம் போன அன்னிக்கே ஆளு ஷெட்டுல."

பதினாலாவது மாடியில் எடுத்த சபதத்தை லிஃப்ட்காரர் நினைத்துப் பார்த்தார். அது அவருடையது இல்லை. சாப்பாட்டோடு கட்டி அனுப்பப்பட்டது.

"ஆனா ஒண்ணுடி" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "இந்தக் கட்டிலை நான் எதிர்பார்க்கல. முதல் நாள் படுத்துப் பார்த்தேன். என் அளவு. அச்சா என் அளவு. தன் காலுக்கு இடம் விடணும்னு அந்த மனுஷனுக்குத் தோணவே இல்ல பாரு. தினமும் நீ நாலாவது கிலோமீட்டர்ல தூங்கினதும், குளத்தோரமா நிறுத்திட்டு இந்தக் கட்டில்ல அரைமணி நேரம் செத்த மாதிரி தூங்கறேன். இன்னிக்கு வேண்டாம். இன்னிக்கு நான் சீட்டுலயே சாஞ்சுக்கறேன்."

நல்லவேளை, தப்பித்தோம் என்று அவர் பெருமூச்சு விட்டார். ஏன் இன்றைக்கு வேண்டாம் என்று யோசித்திருக்கலாம். அதையும் யோசிக்கவில்லை.

"ஒரே ஒரு வருத்தம்தான். ரெண்டு வருஷம் நிறுத்தத்துல நின்னு தினமும் இந்த வேனைப் பார்த்தவரு. மஞ்சள் போய் சாம்பல் ஆனதும் அடையாளமே தெரியலையே. அப்படி என்னத்தைத்தான் பார்த்தாரோ."

போர்வைக்குள் லிஃப்ட்காரருக்குப் பதில் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினார். பல் அதிர்ந்தது. கட்டில் அதிர்ந்தது. நிலாவரை போய் டீ குடித்துவிட்டு வந்த இஞ்சின், கடகட கடகட என்று முதுகுக்கடியில் தாலாட்டியது. நாலாவது கிலோமீட்டரில் முதலாளியம்மா தூங்கிப்போனாள். அவள் அப்பா மூன்றாவதிலேயே போய்விட்டார்.

கண் விழித்தபோது வேன் ஷெட்டில் நின்றது. யாரும் இல்லை. போர்வை இப்போது காலை மூடியிருந்தது, முகம் வெளியே. தூக்கத்தில் நாமே இழுத்துக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டார். பிடிபடவில்லை! அது போதும். அவளுக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியும். இவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவர் ஒரு படி மேலே நின்றார்.

வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் திணித்துவிட்டு, வெறுங்காலோடு கம்பீரமாக உள்ளே வந்தார்.

"உட்காரு. ஒரு விஷயம் சொல்லணும். நான் ஒரு வேன் வாங்கியிருக்கேன்."

"ஐயோ!" அவள் வாயில் கை வைத்தாள். "எப்ப? எனக்குத் தெரியவே தெரியாதே!"

என்ன நடிப்பு! அவர் மனசுக்குள் கைதட்டினார். "ரெண்டு மாசம் ஆச்சு. உனக்குச் சந்தேகமே வரல இல்ல?"

"எனக்கெங்க வரும்? எப்படி இருக்கும் வேன்?"

"சாம்பல் கலர். பெரிய வேன். நீ ஓட்டினியே, அது மாதிரி."

"அது மாதிரியா?" என்று கேட்டுவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். விரல், மடித்த துணியின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தது. அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும், மத்தியானம் தொண்டையில் நின்ற பதில் அவரையும் கேட்காமல் வெளியே வந்துவிட்டது.

"நான் எங்கே வேனைப் பார்த்தேன்? பச்சைன்னு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். ரெண்டு வருஷமும் ஓட்டினவளைத்தான் பார்த்தேன்."

அவள் மடித்த துணியைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். அதையே இன்னொரு முறை பிரித்தாள். முதலாளியம்மா நீல டேப் சாவியைக் கடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தார் லிஃப்ட்காரர். பெண்டாட்டியை வாயடைக்க வைத்த முதல் ஆள். நெஞ்சு ஒரு மாடி உயர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறோம்" என்று அறிவித்தார்.

"சரிங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து. "அதுக்குள்ள கட்டிலை ஒரு சாண் நீட்டிடுங்க. வாசல்ல இருக்கற இடது கால் சாக்ஸையும் எடுத்துட்டு வாங்க, ஓட்டையைத் தைச்சுத் தரேன். மத்தியானம் ரெண்டு மணியிலருந்து அந்தக் கட்டைவிரல் என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு."